நார்மல் என்று வந்த பிறகு

அணுபுரத்தின் காலை பேருந்து நேரத்துக்குக் கட்டுப்பட்டது. திருக்கழுக்குன்றத்திலிருந்து கல்பாக்கம் போகும் வழியில் உள்ள இந்த அணுசக்தித் துறைக் குடியிருப்பில், அலுவலகம் போகிறவரும் பள்ளிக்குப் போகிறவரும் கிளம்புவதற்குள் சமையல்கட்டில் ஒரு சுற்று வேலை முடிந்திருக்கும். அதற்கும் முன்னால், பல் தேய்த்த கையோடு, சின்னப் புட்டியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வெறும் வயிற்றில் விழுங்குகிறவர்கள் உண்டு. காபிக்கு இன்னும் அரை மணியாவது பொறுக்க வேண்டும்.

எத்தனை வீடுகளில் இப்படி என்பதை நாட்டுக் கணக்கிலிருந்து ஊகிக்கலாம். சென்னை உட்பட எட்டு நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது. பெண்களுக்குத்தான் அதிகம். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் இருபது பெரியவர்கள் இருந்தால் அங்கே இரண்டு புட்டிகள் இருக்கலாம் என்று பொருள்.

அந்தப் புட்டிக்காரர்களில் பெரும்பாலோர் மாத்திரையில் நன்றாகிவிடுகிறார்கள். இந்த அத்தியாயம் மற்றவர்களைப் பற்றியது. மாத்திரையைத் தவறாமல் போட்டு, இரத்தப் பரிசோதனையும் சரியாக வந்து, அதன் பிறகும் உடம்பு தேறாதவர்கள். ஐரோப்பிய தைராய்டு சங்கத்தின் 2012 வழிகாட்டி இவர்களை நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் என்று மதிப்பிட்டது.

இப்படி ஒருவரை எண்ணிக்கொள்வோம், யாரையும் சுட்டவில்லை. வயது நாற்பத்துமூன்று, பள்ளி ஆசிரியை, கணவர் கல்பாக்கத்தில் பொறியாளர். கத்திரி வெயிலிலும் மின்விசிறியை ஒரு புள்ளி குறைக்கச் சொல்கிறார். மாலையானால் கைகால் கனத்துப்போகிறது. தெரிந்த மாணவியின் பெயர் நாக்கு நுனியில் நின்று வர மறுக்கிறது. சீப்பில் கொத்தாக முடி.

“டாக்டர், மாத்திரைய ஒரு நாள்கூட விட்டதில்ல. ஆனா சாயங்காலமானா எழுந்திருக்க முடியல.”

“டி.எஸ்.எச். 2.8 வந்திருக்கும்மா. நார்மல்தான். வாக்கிங் போங்க, டென்ஷன் ஆகாதீங்க.”

வீட்டுக்கு வந்தால் மாமியார், “அதான் ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கல்ல” என்கிறார். அவர் சொல்வதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அசதிக்கு வீட்டில் மதிப்புப் போய்விடுகிறது. மருத்துவர் சொன்னது பொய்யுமல்ல. 2.8 என்பது ஆய்வகம் அச்சடித்த 0.4 முதல் 4 வரையிலான எல்லைக்குள் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் அந்த எண் எதை அளக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதில்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் உத்தரவு உரக்க வரும், கூடினால் அடங்கும். ஹார்மோன் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். நூறு மடங்குவரை எகிறக்கூடும். இவ்வளவு கூர்மையான குறியீடு மருத்துவத்தில் அபூர்வம். அதனால்தான் அதற்கு இவ்வளவு அதிகாரம்.

அந்த அதிகாரம் நேற்று வந்ததுதான். 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் மருத்துவர், சுரப்புக் குறைவால் வீங்கி மந்தமாகிப்போயிருந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அவர் தேறினார், மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்குள் 800-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு அவர் உடம்பில் போயிருந்தது. அவருக்கு அளவு எப்படி நிர்ணயித்தார்கள்? முகத்தைப் பார்த்து, நாடியைப் பிடித்து, எப்படி இருக்கிறது என்று கேட்டு. அடுத்த எழுபது எண்பது ஆண்டுகள் ஏறத்தாழ இதுதான் முறை. நோயாளியின் வாக்குமூலமே முதன்மைச் சான்று.

பிறகு சாலமன் பெர்சனும் ரோசலின் யாலோவும் நியூயார்க்கில் கண்டுபிடித்த கதிரியக்க நோயெதிர்ப்புச் சோதனை வந்தது. இரத்தத்தில் நுண்ணளவில் உள்ள ஹார்மோனை அயோடின் ஐசோடோப்பைக் கொண்டு எண்ணும் உத்தி இது. இதற்காக 1977-ல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்குள் இறந்துவிட்டார். இந்தியாவில் இந்தச் சோதனைக்கான பொருட்களை ஆய்வகங்களுக்குத் தயாரித்துக் கொடுத்தது அணுசக்தித் துறையின் அங்கமான கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம். அதே துறை 1963-ல் மும்பை பரேலில் தொடங்கிய கதிர்வீச்சு மருத்துவ மையம் தைராய்டு நோய்களுக்கு இந்தியாவில் பெயர்பெற்ற இடமாயிற்று. அணுபுரத்துக் குடும்பங்களுக்குச் சம்பளம் தரும் துறைதான், ‘நார்மல்’ என்ற எண்ணை இந்த நாட்டில் பரப்பியதிலும் பங்கெடுத்தது.

சோதனை வந்ததும் தெரிந்தது ஓர் அதிர்ச்சியான செய்தி. வாக்குமூலத்தை மட்டும் நம்பிக் கொடுத்த அளவு பலருக்கு மிக அதிகம். முன்பு நாளொன்றுக்கு 200, 300 மைக்ரோகிராம் என்று விழுங்கியவர்களுக்கு 100, 125 போதுமாயிருந்தது. மிகை அளவு சும்மா விடாது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் அறுபது வயதைத் தாண்டியவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1994-ல் வெளியிட்ட ஆய்வில், டி.எஸ்.எச். மிகத் தாழ்ந்திருந்தவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் நோய் மூன்று மடங்கு அதிகம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்வும் சேரும். ஆகவே எண்ணைப் பார்த்து அளவைக் குறைத்தது நல்ல காரியம். ஆனால் அதே வேகத்தில் நோயாளியிடம் கேட்பதும் நின்றுபோனது. என் பார்வையில் இந்தப் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் அந்தக் காலத்தில்தான் மாறியது. ஆட்டுத் தைராய்டில் டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களும் இருந்தன. டி4 பெரும்பாலும் இருப்புச் சரக்கு. செல்லுக்குள் வேலை செய்வது டி3. தைராய்டே இல்லாதவர்களுக்கு டி4 மட்டும் கொடுத்தாலும் உடம்பு அதை டி3-ஆக மாற்றிக்கொள்கிறது என்று 1970-ல் பிரேவர்மனும் இங்பரும் ஸ்டெர்லிங்கும் நிரூபித்தார்கள். பிறகெதற்கு இரண்டு? டி4 ஒரு வாரத்துக்கு மெல்லக் கரையும். டி3 ஒரே நாளில் ஏறி இறங்கும். எனவே உலகமே லெவோதைராக்சின் என்ற டி4 மாத்திரைக்கு மாறியது. நம்மூர்க் கடைகளில் எல்ட்ராக்சின், தைரோநார்ம் என்று கேட்டு வாங்குவதெல்லாம் இதுதான்.

மாற்றும் வேலையைச் செய்வது டியோடினேஸ் என்ற நொதிகள். இங்கேதான் சிக்கல். கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கும் அணுபுரத்துக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை: வெப்ப உணரி தான் பொருத்தப்பட்டிருக்கும் இடத்தின் வெப்பத்தைத்தான் சொல்லும், குழாயின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்பதற்கு அது ஜவாப்தாரி அல்ல. டி.எஸ்.எச். காட்டுவது, மூளையின் அடிப்பகுதிக்கும் பிட்யூட்டரிக்கும் போதுமான டி3 கிடைக்கிறதா என்பதை. அந்த இடத்து நொதி கொஞ்சம் விசேஷமானது. மற்ற திசுக்களில் டி4 மிகுந்தால் மாற்று நொதி சிதைந்து வேலை குறையும். மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் அந்தச் சிதைவு குறைவு என்று 2015-ல் எலிகளில் காட்டினார்கள். அதாவது மாத்திரை மட்டுமே ஆதாரமாக இருக்கும் உடம்பில், மற்ற உறுப்புகளுக்கு முன்னால் மூளை திருப்தியடைந்து உத்தரவை நிறுத்திவிடலாம். இத்தாலியின் கட்டானியாவில், தைராய்டை முழுதாக அகற்றிய 1,811 பேரின் இரத்தத்தைப் பார்த்தபோது, டி.எஸ்.எச். சரியாக இருந்தும் ஐந்தில் ஒருவருக்கும் மேல் டி3 குறைவாகவோ, டி4-க்குப் பொருந்தாத அளவிலோ இருந்தது.

அந்த 0.4 முதல் 4 வரையிலான எல்லையும் யாருடைய எல்லை? ஊர் மக்களின் எல்லை. தனி மனிதருடையது இன்னும் குறுகியது. டென்மார்க்கில் 16 ஆரோக்கியமான ஆண்களின் இரத்தத்தை மாதாமாதம் ஓராண்டு எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு சிறு பட்டைக்குள்ளேயே நின்றார்; அதன் அகலம் பொது எல்லையில் ஏறக்குறைய பாதி. நம் ஆசிரியைக்கு இருபத்தைந்து வயதில் 1.1 இருந்திருக்கலாம். இன்று 2.8. இரண்டும் நார்மல். ஆனால் ஒரே உடம்பின் இரண்டு நிலைகள்.

இதைப் படிக்கிற யாருக்கும் உடனே தோன்றுவது, மாத்திரையைக் கொஞ்சம் கூட்டி 1.1-க்குக் கொண்டுவந்தால் போயிற்று என்பது. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆனால் செய்து பார்த்தவர்களின் முடிவு வேறு. 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 138 பேரின் அளவை அவர்களுக்குத் தெரியாமல் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். மனநிலை, நினைவாற்றல், உடல் உற்சாகம் எதிலும் சொல்லும்படி மாற்றமில்லை. தம் அளவு கூடியதா குறைந்ததா என்று அவர்களால் சொல்லவும் முடியவில்லை. எது கூடுதல் அளவு என்று நினைத்தார்களோ அதையே விரும்பினார்கள்! அழகான கொள்கை வேறு, அசதி தீர்வது வேறு.

இந்தத் துறையில் ஒரு தமிழ்ப் பெயர் முக்கியமானது. பொன்னுசாமி சரவணன் 2002-ல் தென்மேற்கு இங்கிலாந்தில் தம் குழுவினரோடு ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார். தைராக்சின் எடுப்பவர்களையும், அதே வயதும் பாலினமும் கொண்ட, மாத்திரை எடுக்காத அண்டை வீட்டாரைப் போன்றவர்களையும் ஒரே வினாத்தாளால் விசாரித்தார்கள். மனநலிவின் அடையாளங்கள் மாத்திரைக்காரர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு. மற்றவர்களில் நான்கில் ஒருவருக்கு. டி.எஸ்.எச். நார்மலாக இருந்தவர்களை மட்டும் தனியே பிரித்தாலும் வித்தியாசம் மறையவில்லை. ‘நோயாளிகள் கற்பனை செய்கிறார்கள்’ என்ற பேச்சுக்கு இது முதல் பெரிய மறுப்பு. கூடவே இன்னொரு பக்கத்தையும் பாருங்கள்: மாத்திரையே எடுக்காதவர்களிலும் நான்கில் ஒருவர் அதே வாட்டத்தில்தான் இருந்தார். மனிதருக்கு அசதி வர தைராய்டு மட்டும் காரணமாக வேண்டியதில்லை.

சரவணன் அடுத்த கட்டத்துக்குப் போனார். 1999-ல் லிதுவேனியாவைச் சேர்ந்த புனெவிசியஸ், வெறும் 33 நோயாளிகளில், டி4-இல் ஒரு பகுதியை நீக்கி டி3 சேர்த்தால் மனமும் மூளையும் தெளிகிறது என்று அறிவித்திருந்தார். அந்தச் செய்தி நோயாளிகளிடம் காட்டுத்தீயாகப் பரவியது. சரவணன் குழு 697 பேரிடம் அதைச் சோதித்து 2005-ல் முடிவு சொன்னது. ஒரு பாதிக்கு 50 மைக்ரோகிராம் டி4-க்குப் பதில் 10 மைக்ரோகிராம் டி3. மறுபாதிக்குப் பழைய மருந்தே புது உறையில். மூன்று மாதத்தில் இரு பாதியும் கணிசமாகத் தேறின. பழைய மருந்தே சாப்பிட்டவர்களின் முன்னேற்றம் ஓராண்டுவரை நிலைத்தது. பலன் கொடுத்தது மாத்திரைக்குள் இருந்த பொருளா, யாரோ ஒருவர் உட்கார வைத்து, கேள்வி கேட்டு, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னதா என்று பிரிக்க முடியாமல் போயிற்று. இதை ‘வெறும் மனப்பிரமை’ என்று கிண்டலடிப்பவர்கள் உண்டு. கவனிக்கப்படுவதே ஓராண்டு தாங்கும் மருந்தாக இருந்தால், ஐந்து நிமிடத்தில் நார்மல் என்று அனுப்பிவைப்பது என்ன வகைச் சிகிச்சை என்று திருப்பிக் கேட்கலாம்.

கதை அதோடு முடியவில்லை. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களில் 552 பேரின் மரபணுவைப் பின்னால் பார்த்தபோது, டியோடினேஸ் நொதிக்கான மரபணுவில் ஒரு சிறு வேறுபாட்டை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றிருந்த 16 சதவீதத்தினர் தொடக்கத்திலேயே மற்றவர்களைவிட மோசமாக இருந்தது தெரிந்தது. டி3 சேர்த்தபோது அவர்களே கூடுதலாகத் தேறினார்கள். 2009-ல் வந்த இந்த முடிவை எல்லா ஆய்வுகளும் வழிமொழியவில்லை. ஆகவே அந்த மரபணுச் சோதனைக்குக் காசு செலவழிக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் எல்லோரையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுத்தால் சிலருக்கு மட்டும் கிடைக்கும் பலன் கரைந்துபோகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

டி3 பக்கம் போவதற்கு முன்னால் அருகிலேயே தேட வேண்டியவை நிறைய. இங்கேதான் அணுபுரத்துப் பெண்ணுக்கு உண்மையில் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி, உண்மையிலேயே சுரப்புக் குறைவுதானா? உடம்பு அசதி என்று போனவருக்கு டி.எஸ்.எச். 5.8 என்று வர, மறுமுறை பார்க்காமலே 25 மைக்ரோகிராம் தொடங்கிவிடுவது நம்மூரில் சகஜம். முழுக்க மாத்திரையை நம்பியிருப்பவருக்குத் தேவை, உடல் எடை கிலோ ஒன்றுக்கு 1.6 மைக்ரோகிராம், 60 கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய 100. வெறும் 25-இல் ஒருவருக்கு எல்லாம் நார்மலாக இருக்கிறது என்றால் அவருடைய சொந்தச் சுரப்பி இன்னும் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. அவருடைய அசதிக்குத் தைராய்டு காரணமாக இருந்திருக்கவே வேண்டியதில்லை. இலேசாக டி.எஸ்.எச். ஏறிய 737 முதியவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த 2017 ஐரோப்பிய ஆய்வில் அசதி துளியும் குறையவில்லை. மாத்திரையை மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்திப் பார்த்த பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில், சுமார் மூன்றில் ஒருவருக்கு அது இல்லாமலே சுரப்பு சரியாக இருந்தது. இப்படிப்பட்டவரின் உண்மையான நோய், தைராய்டு என்ற பெயருக்குப் பின்னால் வருடக்கணக்கில் ஒளிந்துகொண்டிருக்கும்.

அந்த உண்மையான நோய்களில் முதலிடம் இரத்தசோகைக்கு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல்! அசதி, குளிர் தாங்காமை, முடி உதிர்வு, மூச்சு வாங்குதல் என்று அதன் அறிகுறிகள் தைராய்டின் அறிகுறிகளோடு அப்படியே பொருந்தும். ஹீமோகுளோபின் எல்லைக்குள் இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதற்குத் தனியாக ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். சுரப்புக் குறைவால் மாதவிடாய்ப் போக்கு கூடி இரும்பு வற்றியிருந்தால், தைராய்டு சரியான பிறகும் வற்றிய இரும்பு தானாக நிரம்பாது. சைவக் குடும்பங்களில் பி12 குறைவையும் பார்க்க வேண்டும். தைராய்டைத் தாக்கும் அதே தன்னெதிர்ப்புச் சுபாவம் சிலருக்கு வயிற்றின் உட்சுவரையும் தாக்கி பி12 உறிஞ்சுவதைக் கெடுக்கும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தின் தொந்தரவுகள். மனச்சோர்வு. கடைசியாகச் சொன்னதை யாராவது எடுத்துச் சொன்னால் ‘என்னைப் பைத்தியம் என்கிறார்கள்’ என்று கோபம் வரும்; அதுவும் சிகிச்சையுள்ள நோய்தான்.

அடுத்து மாத்திரை. லெவோதைராக்சினுக்கு வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் ஆகாது. கடற்கரைக் காற்றின் ஈரத்தில், அடுப்புக்கு மேல் அலமாரியில் மூடி சரியாக மூடாமல் இருக்கும் புட்டி வீரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். காபி அதன் உறிஞ்சலைக் குறைக்கும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கினால் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு வெளியே போய்விடும். சுற்று முறையில் இரவு வேலை பார்ப்பவருக்குக் காலை, வெறும் வயிறு என்பதெல்லாம் வாரத்துக்கு வாரம் மாறும். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத் தூங்கப்போகும் முன் எடுப்பதும் அவருக்கு ஏற்ற வழி, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். டி.எஸ்.எச். நள்ளிரவுக்குப் பின் உச்சத்திலும் பிற்பகலில் தாழ்ந்தும் இருக்கும். ஒருமுறை காலை ஏழுக்கும் மறுமுறை மதியம் மூன்றுக்கும் இரத்தம் கொடுத்துவிட்டு இரண்டு எண்களை ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் பயனில்லை.

பயோட்டினை மறக்கக் கூடாது. முடி கொட்டுகிறது என்று கடையில் தாமாகவே வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளில் இது ஏராளமாக இருக்கும். சில ஆய்வகக் கருவிகள் பயோட்டினையே பிணைப்பானாகப் பயன்படுத்துவதால், டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகவும் டி4 கூடுதலாகவும் காட்டும். நார்மல் என்று வந்த எண்ணே நார்மல் இல்லாமல் இருக்கலாம். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டால் போதும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், மரவள்ளிக்கிழங்கு சாப்பிடலாமா என்று கேட்காத தைராய்டுக்காரர் இல்லை. இவையெல்லாம் சுரப்பி ஹார்மோன் தயாரிப்பதைத் தடுக்கக்கூடியவை. சுரப்பியே ஓய்ந்து மாத்திரையில் ஓடுகிறவருக்குத் தடுக்க என்ன இருக்கிறது? கூட்டு வைத்துச் சாப்பிடுங்கள்.

இவற்றையெல்லாம் சலித்த பிறகும் ஒரு கூட்டம் மிஞ்சும். அவர்களில் பலருக்கு அடிப்படை நோய் ஹஷிமோட்டோ. 1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்த, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தைராய்டையே அரிக்கும் நிலை. எட்டு நகர ஆய்வில் இதற்கான எதிர்பொருள் ஐந்தில் ஒருவருக்கும் மேல் இருந்தது. மாத்திரை ஹார்மோனை ஈடுகட்டும்; அந்த உள்நாட்டுச் சண்டையை நிறுத்தாது. அசதி அந்தச் சண்டையிலிருந்தே வருகிறதா? நார்வேயில் இதைத் துணிந்து சோதித்தார்கள். டி.எஸ்.எச். நார்மலாகியும் தேறாத, எதிர்பொருள் மிக அதிகமுள்ள 150 பேரில் ஒரு பாதிக்குத் தைராய்டை முழுதாக அறுத்து எடுத்தார்கள். ஒன்றரை ஆண்டில் எதிர்பொருள் வீழ்ந்தது. அசதி தெளிவாகக் குறைந்தது. 2019-ல் வெளியான இந்த முடிவைப் பார்த்து யாரும் அறுவை மேசைக்கு ஓட வேண்டாம். குரல் நரம்பும் கால்சியத்தைக் காக்கும் சுரப்பிகளும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. நூற்றுக்குப் பதினான்கு பேருக்குச் சிக்கல்கள் வந்தன. அறுவை செய்தது தெரிந்தே இருந்ததால் நம்பிக்கையின் பங்கையும் ஒதுக்க முடியாது. ஆனால் பிட்யூட்டரிக்குத் தெரியாத துன்பம் ஒன்று இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று இன்னும் வரவில்லை.

கல்பாக்கத்தைச் சுற்றித் தைராய்டு பற்றிப் பேசினால் பேச்சு எப்படியும் அணு உலைக்குப் போய்ச் சேரும். போகத்தான் வேண்டும். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-ல் இயங்கத் தொடங்கியது. சதுரங்கப்பட்டினத்தில் மருத்துவம் பார்த்துவரும் புகழேந்தி, சுற்றுவட்டாரப் பெண்களிடம் தைராய்டு நோய் மிகுந்திருக்கிறது என்று நெடுங்காலமாகக் குரல் எழுப்பிவருகிறார். அணுசக்தித் துறை மறுத்துவருகிறது. அணுப்பிளவில் பிறக்கும் அயோடின்-131 உடம்புக்குள் போனால் தைராய்டில் குவியும் என்பதும், 1986 செர்னோபில் விபத்துக்குப் பின் அங்கே குழந்தைகளிடம் தைராய்டுப் புற்றுநோய் பெருகியது என்பதும் உறுதியானவை. குறைந்த அளவுக் கதிர்வீச்சு, ஹஷிமோட்டோ மாதிரியான தன்னெதிர்ப்பு நோயைத் தூண்டுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. உலையே இல்லாத கொல்கத்தாவில் எட்டு நகர ஆய்வு கண்ட விகிதம் ஐந்தில் ஒருவருக்கும் மேல். ஆகவே தனி ஒருவரின் நோய்க்கு உலையைக் காட்டுவதும் முடியாது, அயலார் நடத்தும் முறையான கணக்கெடுப்பு வேண்டும் என்று கேட்பவரை வாயடைப்பதும் சரியல்ல. ஆனால் நம் ஆசிரியையின் இன்றைய அசதிக்கு இந்த வழக்கு எந்தப் பக்கம் தீர்ந்தாலும் மருந்து மாறப்போவதில்லை. நோய் எப்படி வந்தது என்பதும், வந்த நோயோடு எப்படி நாளைக் கடத்துவது என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

நாளைக் கடத்த உதவுவது பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தகம். மாத்திரை எத்தனை மணிக்கு, கூட என்ன, தூங்கியது எத்தனை மணி நேரம், அசதி பத்துக்கு எவ்வளவு, மாதவிடாய்த் தேதி. ஆறு வாரம் எழுதினால், மருத்துவரிடம் ‘ஒரே அசதி’ என்று சொல்வதற்குப் பதிலாக எடுத்து வைக்கப் பொருள் இருக்கும். அசதி உச்சமாகும் நேரம் தெரிந்துவிட்டால் வேலையை முன்னும் பின்னும் நகர்த்தலாம். வீட்டில் அதை இன்னொருவர் படிக்கட்டும். எடையைப் பற்றி ஒரு வார்த்தை: சுரப்புக் குறைவு சரியானதும் இறங்குவது பெரும்பாலும் தேங்கிய நீர், மாத்திரை கொழுப்பைக் கரைக்கும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நடை உதவும்; அணுபுரத்தில் நடப்பதற்கு மரநிழல் இருக்கிறது. அசதி அதிகமான நாளில் பத்து நிமிடம் போதும். உற்சாகம் வந்த ஒரு நாளில் நான்கு நாள் வேலையை இழுத்துப் போட்டுச் செய்து மறுநாள் படுத்துவிடுவது இந்த நோயில் அடிக்கடி நடக்கும் விபத்து.

எல்லாம் பார்த்தாயிற்று, சோகை இல்லை, மாத்திரை சரி, பயோட்டின் இல்லை, தூக்கம் சரி, ஆனாலும் வாட்டம் தீரவில்லை என்றால் டி3 சேர்த்துப் பார்க்கலாமா என்று நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் கேட்பதில் தவறில்லை. கர்ப்பமாக இருப்பவருக்கும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவருக்கும் கூடாது. இந்தியாவில் டி3 மாத்திரை பரவலாகக் கிடைப்பதில்லை. ஆட்டு, பன்றித் தைராய்டுத் தூளை இயற்கை மருந்து என்று இணையத்தில் விற்பவர்களிடம் போக வேண்டாம். மனிதச் சுரப்பி ஒரு பங்கு டி3-க்குச் சுமார் 14 பங்கு டி4 விடுகிறது, பன்றித் தூளில் அது நான்குக்கு ஒன்று. நிபுணர் ஒப்புக்கொண்டால் டி4-ஐக் கொஞ்சம் குறைத்து, டி3-ஐச் சிறு அளவாக நாளில் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பார். டி.எஸ்.எச். எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தொடங்கும் நாளிலேயே முடிவு நாளையும் குறித்துவிட வேண்டும். மூன்று மாதத்தில் நோட்டுப் புத்தகத்து எண்கள் நகரவில்லை என்றால் பழைய மாத்திரைக்கே திரும்பிவிடச் சொல்கிறது ஐரோப்பிய வழிகாட்டி.